மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப்பை வாங்கலாமா?

“பொலேரோ பிக்கப் ஒன்று வருகிறது அண்ணே. 2014 மாடல். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டரை லட்சம் சொல்கிறார்கள், பேசினால் குறையும். எடுக்கலாமா?”

டீக்கடை பெஞ்சில் ஒருவர் இப்படிக் கேட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். “ஓடித் தேஞ்ச வண்டி, கிட்டவே போகாதே” என்பார் ஒருவர். “டீசல் இன்ஜின் அஞ்சு லட்சம் ஓடும், தைரியமா எடு” என்பார் இன்னொருவர். இருவரும் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த வண்டிக்கு இவர் கொடுக்கப்போகிற வேலை என்ன என்று யாரும் கேட்பதில்லை. பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வேலைக் கணக்கு

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு காய்கறி விவசாயி என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்திலிருந்து மார்க்கெட்டுக்குப் போய்வர 60 கிலோமீட்டர். வாடகை வண்டி பிடித்தால் ஒரு நடைக்கு 1,800 ரூபாய். இவர் மாதம் நான்கு நாள்தான் லோடு அனுப்புகிறார் என்றால் வருடத்துக்கு 48 நடை, வாடகை 86,400 ரூபாய்.

அதே வேலைக்கு இரண்டரை லட்சம் போட்டுப் பழைய பிக்கப் வாங்கினால் என்ன ஆகும்? லோடோடு லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்று போட்டால் எரிபொருளுக்கு வருடம் 22,000. இன்சூரன்ஸ் 18,000. எஃப்சியும் அதற்கான வேலைகளும் 20,000. பழுது பார்க்க 30,000. வண்டியின் விலை வருடா வருடம் இறங்குவது ஒரு 30,000. போட்ட பணத்துக்கு 12 சதவீத வட்டி 30,000. கூட்டினால் ஒன்றரை லட்சம். வாடகையைவிட அறுபதாயிரத்துக்கு மேல் அதிகம். வண்டி எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் இவருக்கு அது நஷ்டம்.

இப்போது அதே விவசாயி மாதம் பதினைந்து நாள் லோடு அனுப்புகிறார் என்று மாற்றுங்கள். 180 நடை, வாடகை 3,24,000 ரூபாய். சொந்த வண்டியில் டீசல் 84,000 ஆகிறது, பழுதுக்கு 60,000 ஒதுக்குவோம், மற்றவை முன்பு சொன்னவைதான். மொத்தம் 2,42,000. வருடத்துக்கு எண்பதாயிரம் மிச்சம். ஆனால் ஸ்டீயரிங்கில் உட்காருவது அவரே என்றால்தான் இந்தக் கணக்கு. நாளுக்கு 700 ரூபாய் பேட்டாவில் டிரைவர் வைத்தால் 1,26,000 ரூபாய் அதற்கே போய்விடும், மிச்சமும் கரைந்துவிடும்.

இவை எல்லாம் உதாரணத்துக்குப் போட்ட தொகைகள். உங்கள் ஊர் வாடகை, உங்கள் தூரம், உங்கள் நடை எண்ணிக்கை ஆகியவற்றைப் போட்டு ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள். கண்ணில் படாத செலவுகளான வட்டியையும் விலை இறக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். கையில் இருக்கும் பணம்தானே, வட்டி எதற்கு என்று தோன்றும். நகையை அடகு வைத்து எடுத்த பணமாக இருந்தால் அந்த வட்டி மாதா மாதம் கடைக்குப் போகிறது. சேமிப்பாக இருந்தால் வேறு வழியில் வந்திருக்கக்கூடிய வருமானம் நிற்கிறது.

மூன்றாவது வகை வேலை ஒன்று இருக்கிறது. தோவாளைக்கு விடியுமுன் பூ கொண்டு போகிறவர், தினமும் பால் எடுப்பவர், தூத்துக்குடியிலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிறவர். இவர்களுக்கு வண்டி ஒருநாள் வழியில் நின்றால் அன்றைய வாடகை மட்டும் போகாது; சரக்கே போய்விடும். இரண்டு முறை தாமதமானால் வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். மூன்று லட்சம் ஓடிய வண்டியில் எந்தப் பாகம் எப்போது கைவிடும் என்று தேர்ந்த மெக்கானிக்காலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. தவணை கட்டினாலும் பரவாயில்லை, இவர்கள் புது வண்டியையோ நான்கைந்து வருடம் ஓடிய, ஒரே கையில் இருந்த வண்டியையோ பார்ப்பது நல்லது.

ஆக, எப்போதாவது லோடு அனுப்புகிறவருக்கு வாடகை வண்டி போதும். தினமும் நேரத்துக்கு ஓட வேண்டியவருக்கு இளம் வண்டி வேண்டும். மாதம் பத்துப் பதினைந்து நாள், முப்பது நாற்பது கிலோமீட்டர் சுற்றுவட்டாரம், ஒருநாள் தள்ளிப்போனாலும் கெடாத சரக்கு, தானே ஓட்டுகிற ஆள் என்று நடுவில் இருப்பவருக்குத்தான் பழைய வண்டி ஒத்துவரும். நீங்கள் அந்த நடுவில் இருந்தால் மேலே பேசுவோம்.

மீட்டர் சொல்வது எவ்வளவு?

மூன்று லட்சம் என்ற எண்ணைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். நாளுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடுகிற வண்டி வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பத்து வருடத்தில் மூன்று லட்சம். பிழைப்புக்கு ஓடிய வண்டி என்றால் அது இயல்பான ஓட்டம்தான். 2014 மாடல் பிக்கப் 80,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று காட்டினால் அங்கேதான் யோசிக்க வேண்டும். மீட்டரைத் திருத்துவது நெடுநாளாக நடக்கிற வேலை.

மாடு வாங்கப் போகிறவர் விற்கிறவர் சொல்லும் வயதை எடுத்துக்கொள்ளாமல் பல்லைப் பிடித்துப் பார்ப்பார் அல்லவா, வண்டிக்கும் அப்படிப் பார்க்க இடங்கள் உண்டு. கிளட்ச், பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கிறதா? ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளக்கிறதா? டிரைவர் சீட்டின் இறங்கும் பக்க விளிம்பு நைந்திருக்கிறதா? டிரைவர் கதவைத் திறந்து மேலே தூக்கினால் கீல் ஆடுகிறதா? மீட்டர் குறைவாகக் காட்டி இவையெல்லாம் தேய்ந்திருந்தால், அந்த எண்ணை மறந்துவிட்டுப் பேசுங்கள். இவை புத்தம் புதிதாக மாற்றப்பட்டிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். ஆயில் மாற்றிய பில்கள் தேதி, கிலோமீட்டரோடு இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: எதை ஏற்றி ஓடியது? திருப்பூரில் பனியன் பண்டல் ஏற்றிய வண்டியும், கோவை தடாகம் பக்கம் செங்கல் ஏற்றிய வண்டியும் ஒரே மாடலாக இருந்தாலும் ஒரே வண்டி அல்ல. சிவகாசியில் தீப்பெட்டி ஏற்றிய வண்டி இடத்தை நிரப்பியிருக்கும், எடையை நிரப்பியிருக்காது. எம்சாண்ட், கம்பி, தண்ணீர் டேங்க் ஏற்றிய வண்டி பெரும்பாலும் அளவுக்கு மேல் சுமந்திருக்கும். மீன் வண்டியிலும் உப்பள வண்டியிலும் ஒழுகிய உப்புத் தண்ணீர் தொட்டியின் அடியையும் சேஸையும் அரித்திருக்கும். மேலே பெயின்ட் அடித்தால் அது தெரியாது. கொடைக்கானல், ஏற்காடு என்று மலையில் ஓடிய வண்டியில் கிளட்சும் பிரேக்கும் சமவெளி வண்டியைவிடச் சீக்கிரம் தீர்ந்திருக்கும்.

இன்ஜினின் அளவும் கணக்கில் சேரும். 2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்க் குட்டி யானை, இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினோடு அறிமுகமானது. ஏறக்குறைய முக்கால் டன்னுக்கான வண்டி அது. அதில் ஒன்றரை டன் ஏற்றி ஓட்டியவர்கள் ஏராளம். பொலேரோ பிக்கப்பின் பழைய இன்ஜின் நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 2,500 சிசி. ஒரே சுமையைச் சின்ன இன்ஜின் தன் முழுப் பலத்தையும் கொடுத்து இழுக்கிறது. பெரிய இன்ஜின் மூச்சு வாங்காமல் இழுக்கிறது. அதனால் மூன்று லட்சம் ஓடிய பிக்கப்பையும் மூன்று லட்சம் ஓடிய ஏஸையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஏஸ் அவ்வளவு ஓடியிருந்தால், போர் வேலை எப்போது பார்த்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

எந்தக் காலத்து இன்ஜின் என்பதும் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படும் புது வண்டிகள் எல்லாம் பிஎஸ்-6. டீசல் வண்டிகளில் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி, பல சென்சார்கள், கம்ப்யூட்டர் என்று கூடுதல் உறுப்புகள் வந்துவிட்டன. காற்றுக்கு அது நல்லது. ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்து, நிறைய ஓடி, மலிவாக வருகிற பிஎஸ்-6 வண்டியை வாங்குகிறவர் அந்த உறுப்புகளின் விலையையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பம்ப் இன்ஜினைச் சாலையோரப் பட்டறையிலேயே சரிசெய்துவிடலாம். புதியதற்கு ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காலையில் போங்கள், லோடோடு ஓட்டுங்கள்

வண்டி பார்க்க விடிகாலையில் போங்கள். நான் வருகிறவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர்கள் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். சூடான டீசல் இன்ஜின் தன் குறையைக் காட்டாது. குளிர்ந்த இன்ஜின் காட்டிவிடும்.

ஸ்டார்ட் செய்யுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் அதைத் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் அளவுக் கம்பியில் பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் வந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது ஹெட்டிலேயே விரிசல் இருக்கலாம். ஒரே சாவியில் கிளம்புகிறதா, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

புகையைக் கவனியுங்கள். முதல் சில விநாடிகள் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் பயமில்லை. நீலமாகத் தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கும் போரும் தேய்ந்ததன் அடையாளம். ஏற்றத்தில் கறுப்பாகக் கக்கினால் ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ பம்போ பார்க்க வேண்டியிருக்கும். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வருவது பழைய இன்ஜினில் சகஜம். குபுகுபுவென்று அடித்தாலோ, மூடியை மேலே வைத்தால் துள்ளி விழுந்தாலோ, இன்ஜின் பிரிக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

பிறகு சமதரையில் நிறுத்தி, பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் கூடுதல் பட்டை சேர்த்திருக்கிறார்களா? சேர்த்திருந்தால் அந்த வண்டி எவ்வளவு சுமந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. டார்ச் அடித்து சேஸ் முழுவதும் பாருங்கள். வெல்டிங் வைத்த இடம், பட்டை வைத்து ஒட்டுப் போட்ட இடம், ஒரு இடத்தில் மட்டும் புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட் ஆகியவற்றைத் தேடுங்கள். இன்ஜின் கெட்டால் மாற்றலாம், கியர்பாக்ஸ் கெட்டால் மாற்றலாம். சேஸ் விட்டுப்போன வண்டியை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். லோடோடு வளைவில் திரும்பும்போது உங்கள் உயிரும் எதிரில் வருகிறவர் உயிரும் அதன்மேல்தான் இருக்கின்றன.

கடைசியாக, காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். அரை டன்னாவது ஏற்றி, ஒரு மேடு இருக்கிற ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டுங்கள். மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக நியூட்ரலுக்கு விழுந்தால் கியர்பாக்ஸ் வேலை. பின்னால் கிரவுனிலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் அது வேறு செலவு. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. திரும்பி வந்து நிறுத்தியதும் வெப்பமானியைப் பாருங்கள், அடியில் சொட்டு விழுகிறதா என்றும் பாருங்கள். லோடு ஏற்றி ஓட்ட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், கிளம்பிவிடுங்கள்.

இந்த எல்லாவற்றுக்கும் உங்களோடு ஒரு மெக்கானிக் வர வேண்டும். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம், புரோக்கர் கூட்டிவரும் ஆளும் வேண்டாம். நாளைக்கு இந்த வண்டியை யாரிடம் வேலைக்கு விடுவீர்களோ அவரையே ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

ஆர்சி யார் பெயரில்?

நல்ல வண்டியை வாங்கிவிட்டுக் கெட்ட காகிதத்தால் அலைகிறவர்கள் பலர். ஆர்சியில் உள்ளவரும் விற்பவரும் ஒரே ஆளா என்று முதலில் பாருங்கள். கையெழுத்துப் போட்ட படிவங்களை வைத்துக்கொண்டு மூன்று கை மாறியும் பெயர் மாறாத வண்டிகள் உண்டு. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்சி, இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கின்றன என்பது தெரியும். இ-சலான் பாக்கியையும் பாருங்கள். ஆர்சியில் ஏதாவது வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டியூ நிலுவையில் இருந்தால் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி எடுத்துப் போவார்கள். நீங்கள் கொடுத்த பணத்துக்கு அங்கே மதிப்பில்லை. சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு சொல்கிறது. விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள். இந்த வகை வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே, வரி தவிர்த்து, 16,000 ரூபாய் சுற்று வரும்.

எஃப்சி விஷயத்தில் வயது பேசும். எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம். எஃப்சி இல்லாத சரக்கு வண்டி சட்டத்தின் கண்ணில் பதிவே இல்லாத வண்டிதான். வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. பதினைந்தைத் தாண்டினால் நிறையவே ஏறும். ஆகவே பதினான்கு வயது வண்டியை வாங்குகிறவர் அதை மறுபடி விற்கும்போது கிடைக்கும் விலையைப் பெரிதாக எண்ணக்கூடாது.

ஆறுதலான செய்திகளும் உண்டு. ஆர்சியில் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மத்திய சட்டப்படி பர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஒன்றை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: தொட்டியில் ஆள் ஏற்றாதீர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் கூட்டமாக நின்றுபோகும் வண்டி கவிழ்ந்தால், அவர்கள் குடும்பத்துக்கு இன்சூரன்ஸிலிருந்து எதுவும் கிடைக்காமல் போகலாம். பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

விலை பேசும் இடம்

எல்லாம் பார்த்த பிறகு மெக்கானிக்கைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை ஆறு மாதம் நம்பி ஓட்ட, இன்றைக்கு என்னென்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும்?” டயர் நான்கு, பேட்டரி, கிளட்ச் செட், பிரேக் என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்து விலை பேசுங்கள். குறை சொல்லி மட்டம் தட்ட வேண்டாம். விற்பவருக்கும் அது சோறு போட்ட வண்டி. இந்த வேலை இவ்வளவு, அதைக் கழித்து இவ்வளவு தருகிறேன் என்று நேராகச் சொன்னால் நியாயமானவர் கேட்பார்.

பேசி முடித்த விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று அதன்பின் பாருங்கள். இரண்டேகால் லட்சத்துக்கு வண்டி என்றால், முக்கால் லட்சம் கையில் மிச்சம் இருக்க வேண்டும். பழைய வண்டி முதல் வருடத்திலேயே தன் பங்கைக் கேட்கும். அந்தப் பணம் இருந்தால் வண்டி மூன்று நாளில் பட்டறையிலிருந்து வெளியே வந்து சம்பாதிக்கத் தொடங்கும். இல்லாவிட்டால் கந்துவட்டிக்குப் போக வேண்டியிருக்கும், அல்லது வண்டி மாதக்கணக்கில் பட்டறை ஓரத்தில் நிற்கும். மலிவாக வாங்கியவர்கள் நொடித்துப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விலைக்கு மட்டும் பணம் வைத்திருந்தார்கள், வண்டிக்கு வைத்திருக்கவில்லை.

எனவே, கேட்டவருக்கு என் பதில் இதுதான். உங்கள் வேலை அந்த நடுவகையில் இருந்து, ஓட்டுவது நீங்களே என்றால், சேஸ் சுத்தமாக இருந்து, இன்ஜின் காலைக் குளிரில் நீலப் புகையில்லாமல் கிளம்பினால், ஆர்சி விற்பவர் பெயரில் இருந்து, மூன்றில் ஒரு பங்கு கையில் இருந்தால், மூன்று லட்சம் கிலோமீட்டரைப் பார்த்துத் தயங்காமல் எடுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். இரண்டு வாரத்தில் இன்னொரு வண்டி விலைக்கு வரும். அதற்கும் இதே தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.